மழை பெய்தால் யோகம் அன்ரி என்ன செய்வார்?

“பிள்ளை, மழை பெய்தா அவ என்ன செய்யிறவ?”

கவிஞர் இப்படிக் கேட்டபோது வெளியே மழை இல்லை. வெள்ளவத்தையில் பின்னேர வெயில் எரித்துக்கொண்டிருந்தது. சன்னலுக்கு அப்பால், தண்டவாளத்துக்கும் அப்பால், கடல் ஒரு தகரத் துண்டு போலக் கிடந்தது. மேசையில் ஒரு வெள்ளைத் தாள். அதன்மேல் மூடி கழற்றாத பேனை.

அவர் கேட்டது தன் மனைவி யோகம் அன்ரியைப் பற்றி. அன்ரி காலமாகி இரண்டாவது கிழமை நடந்துகொண்டிருந்தது.

எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த வீட்டுக்கு இடைக்கிடை போய் வருபவள். மெய்ப்புத் தாள்களைக் கொடுப்பேன், ஒரு தேநீர் குடிப்பேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்புவேன். அவரோ அன்ரியோடு ஒரே வீட்டில் கிழவராகும்வரை வாழ்ந்தவர்.

“யோசிச்சுப் பாத்தன். வருகுதில்லை,” என்றார்.

பாட்டு எழுதுகிறவர் யார்?

கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்யும் அச்சகத்தைப் பற்றி இந்தப் பத்தியில் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, மட்டக்குளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கொடுக்கும் புத்தகங்களில் வரும் பாட்டுகளை யார் எழுதுகிறார்கள், அவை ஏன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன?

நல்ல கேள்வி. ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், பெரும்பாலும் அவை ஒரே பாட்டுகள்தான். அந்த நாளன்று சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சிறு புத்தகத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் கல்வெட்டு. அதில் இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரங்கள், பிள்ளைகள் புலம்பும் பாட்டு எல்லாம் இருக்கும். புலம்பல்கள் அச்சகக் கணினியிலேயே ஆயத்தமாகக் கிடக்கின்றன. பெயரை மாற்றினால் போதும். தகப்பனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, வெளிநாட்டில் இறந்தவருக்கு ஒன்று.

ஆனால் முதற்பக்கத்தில் படத்தின் கீழே வரும் திதி வெண்பாவை அப்படி மாற்ற முடியாது. இறந்த ஆண்டு, மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி, என்ன பெயர் என்று எல்லாம் நான்கு அடிக்குள் அடங்க வேண்டும். பின்னாளில் பிள்ளைகள் திவசம் செய்ய நாள் பார்ப்பது இதை வைத்துத்தான். ஆகவே ஒவ்வொருவருக்கும் புதிதாக எழுத வேண்டும்.

எங்கள் அச்சகத்துக்கு அதை எழுதித் தந்தவர் இந்தக் கவிஞர்.

மேடைகளில் அவரைத் தத்துவக் கவிஞர் என்று அறிமுகப்படுத்துவார்கள். கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இயற்கையைப் பற்றியும் அழகைப் பற்றியும் மனிதக் குணத்தைப் பற்றியும் சில புத்தகங்கள் எழுதினார். அவற்றைப் பக்கம் அமைத்ததும் மெய்ப்புப் பார்த்ததும் நான்தான். விற்காத பிரதிகள் அச்சகத்தின் மேல்தட்டில் இன்னும் இருக்கின்றன.

“என்ர புத்தகம் வாசிச்ச ஆக்களை விட என்ர வெண்பா வாசிச்ச ஆக்கள் கூட. ஆனா பாருங்கோ பிள்ளை, ஒருத்தரும் சந்தோசமா வாசிக்கேல்லை,” என்று ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

மூன்று கேள்விகள்

திதி வெண்பாவில் ஆண்டும் மாதமும் பிறையும் பெயரும் போக, இறந்தவரைப் பற்றிச் சொல்ல மிஞ்சுவது இரண்டு மூன்று சொல்லுக்கான இடம்தான். மற்றவர்கள் அந்த இடத்தில் ‘பண்பாளர்’ என்றோ ‘குணக்குன்று’ என்றோ போட்டு நிரப்பிவிடுவார்கள். கவிஞர் நிரப்பமாட்டார். வந்தவர்களை இருத்திவைத்து மூன்று கேள்வி கேட்பார்.

மழை பெய்தால் அவர் என்ன செய்வார்? எதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்? ஒருவரும் பார்க்காத நேரம் என்ன செய்வார்?

என் அப்பா காலமானபோது நானும் அந்த மேசைக்கு முன்னால் இருந்தேன். அப்பா பெரிய மனிதர், கோயில் சபையில் இருந்தவர் என்று சொல்லத் தொடங்கினேன். கவிஞர் கையை உயர்த்தினார்.

“நல்லதாச் சொல்லாதைங்கோ. நடந்ததைச் சொல்லுங்கோ.”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மழை பெய்தால் அப்பா குடையை எடுத்துக்கொண்டு ஒழுங்கை முனைக்குப் போவார், மழைத்தண்ணீர் ஓடும் காண் அடைத்துவிட்டதா என்று பார்க்க. எதைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று யோசித்தேன். இஸ்திரி போட்டு அடுக்கிய சேட்டுகளை. ஒருவரும் பார்க்காத நேரம்? கோயில் வாசலில் கழற்றிப் போட்டுக் கிடக்கும் செருப்புகளைக் காலால் தள்ளித் தள்ளிச் சோடி சேர்த்து வைப்பார். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

கவிஞர் செருப்பை எடுத்துக்கொண்டார். கல்வெட்டில் செருப்பு வந்தது எங்கள் சொந்தக்காரருக்குப் பிடிக்கவில்லை. சித்தப்பா அச்சகத்துக்கே வந்து சண்டை பிடித்தார். நான் மாற்றவில்லை. அந்தப் புத்தகத்தில் அப்பா இருந்த ஒரே இடம் அந்த இரண்டு சொல்.

இந்தக் கேள்விகளுக்குக் காரணம் என்ன என்று பிறகொரு நாள் கேட்டேன்.

மழையை எவராலும் தன் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது, ஆகவே தன் இஷ்டப்படி நடக்காத ஒன்றோடு ஒருவர் எப்படி இருக்கிறார் என்பது அதில் தெரியும் என்றார். பார்த்துக்கொண்டு நிற்பதில் இறந்தவருக்கு எது அழகு என்று தெரியும். அழகுக்கு ஒரு பயனும் இருக்கக்கூடாது, பயன் வந்த உடனே அது பொருளாகிவிடும், கடல் எங்களுக்காக அழகாக இல்லை என்பதுதான் அதில் எங்களுக்குள்ள ஆறுதல் என்றும் சொன்னார். மூன்றாவது கேள்விக்கு விளக்கம் சொல்லவில்லை. அது எனக்கே விளங்கும் என்று விட்டுவிட்டார்.

சன்னலும் தேநீரும்

அந்த வீடு கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில். முன் அறையில் ஒரு சன்னல்தான் கடலைப் பார்த்தது. மற்றவை எல்லாம் பக்கத்து மாடிகளின் சுவர்களைப் பார்த்தன. கடல் சன்னலோடு கவிஞரின் மேசை. அதற்கு முன்னால் ஒரு மரக் கதிரை, கனமானது, அவர் எழும்பும்போது தரையில் உரசிக் கூவும்.

மழை நேரங்களில்தான் அவருக்கு எழுத்து வரும் என்பது அவரை அறிந்த எல்லோருக்கும் தெரியும். அப்போது வீட்டில் சத்தம் இருக்கக்கூடாது. பெரிய கட்டளையாக அவர் அதைச் சொன்னதில்லை. எப்போதோ ஒருமுறை சொல்லியிருப்பார், அன்ரி அதைப் பிறகு சொல்ல வைக்கவில்லை.

யோகம் அன்ரி மெலிந்த மனுசி. வந்தவர்களுக்குத் தட்டம் நீட்டும்போது கை மட்டும்தான் அறைக்குள் வரும் என்று தோன்றும். கல்வெட்டுக்குப் படம் தேடியபோது எனக்கு அது இன்னும் நன்றாகப் புரிந்தது. தனியாக எடுத்த படம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றிலும் கவிஞர் நடுவில், அன்ரி ஓரத்தில். கடைசியில் ஒரு பாராட்டு விழாப் படத்திலிருந்து அன்ரியை வெட்டி எடுத்தேன். எப்படி வெட்டினாலும் கவிஞரின் பொன்னாடையின் ஒரு நுனி தோளருகே வந்துகொண்டிருந்தது. அதை அழித்து, அந்த இடத்துக்குச் சேலை நிறம் பூசினேன்.

ஒரு விடயம் கவிஞர் அடிக்கடி பெருமையாகச் சொல்வார். எழுதி முடித்து எழும்பும் நேரம் சரியாகத் தேநீர் வந்துவிடும்.

“கூப்பிடுறதில்லை, கேக்கிறதில்லை. எழும்பித் திரும்பினா தேத்தண்ணி நிக்குது. அவவுக்கு எப்பிடித் தெரியுதெண்டு எனக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது.”

இதை வைத்து ஒரு பாட்டே எழுதினார். அன்புக்குக் காது தேவையில்லை, கண் தேவையில்லை, அது தானாக அறியும் என்பது அதன் கருத்து. கடைசிப் புத்தகத்தில் முதற்பாட்டு அதுதான். வெளியீட்டு விழாவில் அதை அவர் வாசித்தபோது மண்டபம் கைதட்டியது. அன்ரி கடைசி வரிசையில் சிற்றுண்டிப் பெட்டிகளுக்கு அருகில் நின்றார். நானும் கைதட்டினேன்.

மகன் சொன்ன வழி

இனி, மூடி கழற்றாத பேனைக்கு வருகிறேன்.

மகன் சேந்தன் கனடாவிலிருந்து வந்திருந்தான். முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு திரும்ப வேண்டும். மண்டபம், சமையல்காரர், ஐயர் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. முதற்பக்கம் மட்டும் வரவில்லை. அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

சேந்தன் என்னைக் கூடத்துக்கு வெளியே கூப்பிட்டு, மெல்லிய குரலில், “அக்கா, நீங்களே ஆரையும் கொண்டு ஒண்டை எழுதிப் போடுங்கோவன். அம்மா நல்லவ எண்டு வந்தாக் காணும். அப்பா இப்ப இருக்கிற நிலையில கவனிக்கமாட்டார்,” என்றான்.

அவன் மேல் பிழை சொல்ல முடியாது. தாயை எரித்துவிட்டு வந்து சமையல்காரரோடு கணக்குப் பேசுகிற பிள்ளை. ஆனால் கவிஞர் கவனிப்பார் என்று எனக்குத் தெரியும். யார் யாரோ வீட்டு இழவுக்கெல்லாம் உண்மையான இரண்டு சொல் தேடிய மனிதர், தன் மனைவியின் படத்துக்குக் கீழே ‘குணக்குன்று’ என்று கண்டால் அதற்குப் பிறகு எப்படி இருப்பார்?

உள்ளே போனேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு அவரே தொடர்ந்தார்.

“மழைக்கு அவ நித்திரை கொள்ளுறவ எண்டுதான் நினைக்கிறன். வீடு சத்தமில்லாமல் கிடக்கும். ஆனா நான் ஒருநாளும் எழும்பிப் போய்ப் பாக்கேல்லை.” பேனையைத் தள்ளிவைத்து, “மற்ற ரெண்டுக்கும் ஒண்டும் தெரியாது. நீங்கள் ஆரிட்டையும் கேட்டுப் பாருங்கோ பிள்ளை,” என்றார்.

பரீதா ராத்தா

நான் கேட்டுப் பார்த்தேன். வந்திருந்த உறவினர்கள், “அவ ஒரு தெய்வம்” என்றார்கள். காலி வீதியில் அன்ரி மரக்கறி வாங்கும் கடைக்காரர் சிங்களத்தில், நல்ல நோனா, பேரம் பேசமாட்டார் என்றார். இவை ஒன்றும் கவிஞருக்கு உதவாது.

கடைசியில் இரண்டாம் மாடியில் மணியை அடித்தேன். அங்கே இருப்பவர் பரீதா ராத்தா. எங்கள் வயதுக்காரர் எல்லோரும் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். கணவர் புறக்கோட்டையில் துணி வியாபாரம். அன்ரியோடு நெடுநாள் பழக்கம். நான் கேள்வியைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் கதவைத் திறந்து வெளியே வந்து, மேலே போகும் படி திரும்பும் இடத்தைக் காட்டினார்.

அங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் அதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். யாரோ எறியப் போட்டது என்று நினைத்திருந்தேன்.

“மழ வந்தா யோகம் அக்கா எறங்கி வந்து அதுலதான் இருந்துக்குவாங்க, மிஸ். கவிஞர் சேர் எழுதுற நேரமாம். சட்டி பான சத்தம் கேட்டா அவருக்கு எழுத்து போயிருமாம்.”

“உங்கட வீட்டுக்குள்ள வந்து இருக்கலாம்தானே?”

“நான் கூப்பிடாமலா? வரமாட்டாங்க. இல்ல பரீதா, இதிலயே இருக்கன் எண்டு செல்லுவாங்க. தூத்தல் அடிச்சா ஒரு துவாயப் போத்திக்குவாங்க.”

“எவ்வளவு காலமா?”

“இங்க குடிவந்த நாள்ல இருந்து.” ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “இத சேருக்கிட்ட செல்லப் போறீங்களா? செல்லாதீங்க, மிஸ். மையத்தாகிப் போனவங்க. என்னத்துக்கு?”

சொன்னேன்

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். சொல்லாமல் விடுவது சுலபம். அன்ரி மழையை ரசித்துப் பார்ப்பாராம் என்று ஒரு பொய் சொன்னால் வெண்பா வந்துவிடும், புத்தகம் நாளுக்கு அச்சாகிவிடும், எல்லோரும் நிம்மதி. ஆனால் அந்த மேசைக்கு முன்னால் என்னை இருத்தி, நடந்ததைச் சொல்லுங்கோ என்றவர் அவர். அப்பாவின் செருப்பை அவருக்கு அப்படித்தான் கொடுத்தேன். இதை மட்டும் எப்படி மாற்றிக் கொடுப்பது?

அடுத்த நாள் போய்ச் சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

கவிஞர் என்னைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், “அந்தக் கதிரை ஆரின்ர?” என்றார்.

“பரீதா ராத்தா குடுத்ததாம்.”

தலையாட்டினார். கடலைப் பார்த்தார். பிறகு அதிலிருந்து கண்ணை எடுத்தார்.

“பிள்ளை, அந்தச் சன்னலை ஒருக்காச் சாத்திவிடுங்கோ.”

நல்ல வெக்கை. சாத்தினால் அறை இன்னும் வேகும். ஆனாலும் எழும்பிச் சாத்தினேன். உப்புக்காற்றில் கொழுக்கி துருப்பிடித்து, சரியாக விழவில்லை.

அவருடைய ஒரு வரி அப்போது எனக்கு நினைவு வந்தது. நானே எழுத்து எழுத்தாக மெய்ப்புப் பார்த்த வரி. ஒருவரின் குணத்தை அவர் கேட்டு வாங்கியதில் தேடாதே, கேட்காமல் விட்டதில் தேடு என்பது. நான் அதைச் சொல்லவில்லை. அவருக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. நாலாம் நாள் அச்சகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, ஆண்டையும் மாதத்தையும் பிறையையும் பெயரையும் சீராகச் சொல்லிக்கொண்டு வந்தார். மிச்ச இடத்தில் அவர் வைத்தது ‘படியில் இருந்தாள்’ என்ற இரண்டு சொல். திரும்ப வாசித்துக் காட்டினேன். “ஓம், அப்பிடியே போடுங்கோ,” என்று வைத்துவிட்டார்.

மண்டபத்தில்

முப்பத்தோராம் நாள் மண்டபம் நிறைந்திருந்தது. வாழையிலைக்குப் பக்கத்தில் வைத்த புத்தகத்தை எல்லோரும் புரட்டினார்கள். எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் முதற்பக்கத்தை இரண்டுதரம் வாசித்துவிட்டு, பரிமாறிக்கொண்டு வந்த சேந்தனை நிறுத்தினார்.

“தம்பி, இது என்ன, படியில இருந்தாள் எண்டு?”

“அது அப்பாவின்ர தத்துவம், மாமா. எங்களுக்கு விளங்காது,” என்று சொல்லிவிட்டு சேந்தன் அடுத்த இலைக்குப் பருப்பு விடப் போனான்.

பெரியவர் பெரிதாகத் தலையாட்டி, ஆழமான சொல் என்றார். நாலைந்து இலைக்கு அப்பால் கவிஞர் இருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை கொஞ்ச நேரம் நின்றது. கைகழுவும் இடத்தில் பரீதா ராத்தாவைக் கண்டேன். தமிழ் வாசிக்கக் கண்ணாடி வேண்டும் என்று புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்திருந்தார். நான் வாசித்துக் காட்டவில்லை.

மிச்சப் பிரதிகள்

சில கிழமைகளுக்குப் பிறகு, மிஞ்சிய கல்வெட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். சேந்தன் போய்விட்டான். நான் பஸ்ஸால் இறங்கும்போது மழை தொடங்கி, ஒழுங்கைக்குள் நுழைந்தபோது கடல் எது வானம் எது என்று தெரியாமல் போயிருந்தது.

இரண்டாம் மாடி தாண்டி ஏறினேன். படி திரும்பும் இடத்தில், அந்தப் பிளாஸ்டிக் கதிரையில், கவிஞர் இருந்தார்.

உடுத்திருந்த சாரத்தின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது. காற்று வர விட்ட சீமெந்து ஓட்டைகளால் தூவானம் அடித்துக்கொண்டிருந்தது. மேலே வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

“நனையுறீங்கள் ஐயா. மேல வாங்கோ.”

“கடல் தெரியுதில்லை, பிள்ளை,” என்றார். “ஒண்டுமே தெரியுதில்லை. நீங்கள் ஒருக்கா இருந்து பாருங்கோ. என்ர கண்தான் சரியில்லையோ தெரியாது.”

எழும்பி இடம் விட்டார். பிரதிகளைச் சுவரோரம் வைத்துவிட்டு இருந்தேன். ஓட்டைகளுக்கு நேரே பக்கத்து மாடியின் சுவர். பாசி பிடித்த ஒரு குழாய், அதன் பொருத்து வழியே ஒழுகும் தண்ணீர். அவ்வளவுதான். எட்டிப் பார்த்தாலும் கடல் இல்லை, வானமும் இல்லை.

“சுவர்தான் தெரியுது,” என்றேன்.

“அப்ப அவ என்னத்தைப் பாத்துக்கொண்டு இருந்தவ?”

அவருடைய இரண்டாவது கேள்வி அது. அதற்கு நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் மேலே அந்தச் சத்தம் கேட்டது. முன் அறையில், துருப்பிடித்த கொழுக்கியிலிருந்து விடுபட்ட சன்னல் காற்றில் அடித்தது. இவ்வளவு மழையிலும், தலைக்கு மேலே தட்டியது போல, அவ்வளவு தெளிவாகக் கேட்டது. இன்னொரு முறை அடித்தது. அந்த இடத்துக்கு நேர் மேலேதான் அவருடைய மேசை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

நான் நிமிர்ந்து மேலே பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்குதோ?”

“ஓம், ஐயா.”

“கதிரை இழுபட்டாலும் கேக்குமென்ன.”

கனமான அந்த மரக் கதிரையின் சத்தம் எனக்கும் தெரியும். அது கேட்டதும் அன்ரி துவாயை மடித்துக்கொண்டு ஏறினால், அவர் தாள்களை அடுக்கி, மூடியைப் பூட்டி, கடலைப் பார்த்து ஒரு நெட்டி முறித்துத் திரும்புவதற்குள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிடலாம். முதலே கொதித்த தண்ணீர் சுடுநீர்ப் போத்தலில் இருந்தால் போதும்.

அவர் சுவரில் கையை ஊன்றிப் படியில் மெல்ல இருந்தார்.

“காது தேவையில்லை எண்டு எழுதினனான்,” என்றார்.

கீழே பரீதா ராத்தா கதவைத் திறந்து, சேர், தேத்தண்ணி கொண்டு வரட்டா என்று கேட்டார். கவிஞர் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் நின்றுவிட்டு ராத்தா கதவைச் சாத்திக்கொண்டார்.

மேலே சன்னல் அடித்துக்கொண்டே இருந்தது. மழை உள்ளே விழுந்து மேசை நனைந்திருக்கும். அதைச் சாத்துவதற்கு நாங்கள் இருவரும் எழும்பவில்லை.